காடெல்லாம் விறகான செய்தி

நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவர், புதுச்சேரியில் முதுகலை படிக்கிறார். அவர் கேட்ட கேள்வி இது: “ஷெல்லியின் ‘ஓசிமாண்டியாஸ்’ பாடம் நடத்தினார்கள். பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஓர் அரசன் சிலை, அதன் பீடத்தில் இன்னும் அழியாமல் இருக்கும் அவன் ஆணவப் பேச்சு. வகுப்பில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இப்படிக் கொடுங்கோலையும் பேரரசுகளின் வீழ்ச்சியையும் பாடிய கவிதை தமிழில் உண்டா? அப்படியே இருந்தாலும், எல்லாவற்றுக்கும் ஊழ், விதி என்று சொல்லி நம் புலவர்கள் அரசனைத் தப்ப விட்டுவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பா? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?”

உண்டு தம்பி, நிறையவே உண்டு. அதிலும் பாதிக்கு மேல் நீங்கள் தினமும் பஸ்ஸில் போய்வரும் பாதையைச் சுற்றியே கிடக்கிறது. விதியைப் பற்றி நீங்கள் நினைப்பது பாதி சரி, பாதி தப்பு. முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன் நான், மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

புதுச்சேரியில் எழுதப்பட்ட ஒரு பாட்டிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டிஷ் போலீசின் கையில் சிக்காமல் இருக்கப் பிரெஞ்சு எல்லைக்குள் வந்த பாரதி, 1908 முதல் 1918 வரை அங்கே இருந்தார். 1917 மார்ச்சில் ருஷியாவில் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் முடி துறந்தான். 1613இலிருந்து ஆண்ட ரொமானோவ் குலம் ஒரே வாரத்தில் முடிந்துபோனது. அந்த வீழ்ச்சியைப் பாடியதுதான் ‘புதிய ருஷியா’. மொத்தம் ஆறே செய்யுள். மேடையில் எல்லோரும் எடுத்துச் சொல்வது ‘ஆகாவென் றெழுந்ததுபார் யுகப்புரட்சி’ என்ற வரியை. எனக்கு ஐந்தாவது செய்யுள்தான் பெரிது:

இமயமலை வீழ்ந்ததுபோல் வீழ்ந்துவிட்டான் ஜாரரசன், இவனைச் சூழ்ந்து
சமயமுள படிக்கெல்லாம் பொய்கூறி அறங்கொன்று சதிகள் செய்த
சுமடர் சடசடவென்று சரிந்திட்டார், புயற்காற்றுச் சூறை தன்னில்
திமுதிமென மரம்விழுந்து காடெல்லாம் விறகான செய்தி போலே!

சுமடர் என்றால் அறிவில்லாதவர்கள். ஜார் விழுவதற்குப் பாரதி ஒரு வரிகூட முழுசாகக் கொடுக்கவில்லை. மிச்சமுள்ள மூன்றே கால் வரியும் அவனைச் சுற்றி நின்று, சமயத்துக்குத் தகுந்தபடி பொய் சொன்னவர்களுக்குப் போய்விட்டது. கொடுங்கோலன் தனியாளாக நிற்பதில்லை, ஒரு காடே அவனைச் சுற்றி நிற்கிறது. அந்தக் காட்டின் மேல்தான் கவிஞருக்குக் கோபம்.

இந்தச் செய்யுளைப் பல வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நடத்தினேனே தவிர, அதன் கடைசி வரி எனக்குப் புரிந்தது 2011க்குப் பிறகுதான். அந்த வருஷம் டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. மூன்று நாள் கழித்து, சாலை கொஞ்சம் திறந்ததும், பண்ருட்டிப் பக்கத்தில் இருந்த என் பெரியம்மா மகன் வீட்டுக்குப் போனேன். அண்ணனுக்கு முந்திரிக்கொல்லையும் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பலாவும் இருந்தன. கொல்லைக்குள் நுழைந்தால் வானம் தெரிந்தது. அந்தக் கொல்லையில் நான் அதுவரை வானத்தைப் பார்த்ததே இல்லை. முந்திரி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பலா மரங்கள் வேரோடு செம்மண்ணைப் பெயர்த்துக்கொண்டு விழுந்திருந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குப் பள்ளம். தூரத்தில் எங்கேயோ மரம் அறுக்கும் மெஷின் சத்தம் நிற்காமல் கேட்டது. அண்ணன் ஒரு பலாவின் மேல் கை வைத்துக்கொண்டு, “இது தாத்தா வெச்சது. நேத்து வரைக்கும் மரம், இன்னிக்கு வெறகு. அதையும் வாங்க ஆளில்ல” என்றார்.

பாரதி ‘மரம் விழுந்து’ என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ‘காடெல்லாம் விறகான செய்தி’ என்கிறார். நின்றபோது அதற்கு மரம் என்று பேர், விழுந்த மறுநாளே அந்தப் பேர் போய்விடுகிறது. அமைச்சன், தளபதி, பிரபு என்று நேற்றுவரை பேர் வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் அடுப்புக்கு ஆகிற பொருளாகிப் போனார்கள். ‘சடசட’ என்பது கிளை முறிகிற சத்தம். ‘திமுதிமு’ என்பது கூட்டமாக விழுகிற சத்தம். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர் எழுதியது என்று தெரியும்.

கேட்டவர்தான். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் பெரிய புயல் ஒன்று தாக்கியது. பாரதியே அதைப் பாடியிருக்கிறார். நள வருஷம், கார்த்திகை 8, புதன்கிழமை இரவு என்று நாள் குறித்து வைத்திருக்கிறார். ‘காற்றடிக்குது, கடல் குமுறுது, கண்ணை விழிப்பாய் நாயகனே’ என்று மனைவி கணவனை எழுப்புகிற பாட்டு அது. அந்தப் புயலுக்கும் ஜார் விழுந்ததற்கும் நடுவில் நாலே மாதம். ருஷியாவின் பிரபுக்கள் விழுந்த சேதி வந்தபோது அவர் மனசில் விழுந்த மரங்கள் புதுச்சேரியின் மரங்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். ருஷியாவை அவர் பார்த்ததில்லை. இதை அவர் பார்த்திருந்தார்.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் சரியான பாதிக்கு வருகிறேன். அந்த ஜாரை விழவைத்தது யார்? பாட்டு ‘மாகாளி பராசக்தி உருசியநாட் டினிற்கடைக்கண் வைத்தாள்’ என்று தொடங்குகிறது. அன்று ருஷியத் தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய பெண் தொழிலாளர்கள் இந்தப் பாட்டில் இல்லை. குடிமக்கள் கடைசிச் செய்யுளில்தான் வருகிறார்கள், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். பாரதி மேல் எனக்கு எவ்வளவு பக்தி இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பராசக்தி சும்மா ஒருநாள் கண் திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நடுவில் இரண்டு செய்யுளுக்கு மேல் குற்றப்பத்திரிகைதான். ‘உழுதுவிதைத் தறுப்பாருக் குணவில்லை’ என்று சொல்லி, ‘இம்மென்றால் சிறைவாசம், ஏனென்றால் வனவாசம்’ என்று போய் முடிகிறது. காரணம் மனிதர்கள் செய்தது, தண்டனை மட்டும் மேலிருந்து வருகிறது.

அந்தக் குறையை நிரப்பியவரும் அதே ஊர்க்காரர். கனக சுப்புரத்தினம், நமக்குப் பாரதிதாசன், 1891இல் புதுச்சேரியில் பிறந்தவர். அவருடைய ‘புரட்சிக்கவி’ காவியத்தில் இளவரசியைக் காதலித்த குற்றத்துக்காகக் கவிஞன் உதாரனைக் கொலைக்களத்தில் நிறுத்துகிறான் அரசன். அங்கே கவிஞன் கடவுளைக் கூப்பிடவில்லை, சுற்றி நிற்கும் ஜனங்களைக் கூப்பிடுகிறான்: ‘பேரன்பு கொண்டவரே, பெரியோரே, என் பெற்றதாய் மாரே, நல் இளஞ்சிங் கங்காள்!’ ஜனங்கள் பொங்கி எழுகிறார்கள், முடியாட்சி போய்விடுகிறது. பில்கணன் என்ற வடமொழிக் கவிஞனைப் பற்றிய பழைய காதல் கதையை எடுத்து, அதன் முடிவை ஊர்க்கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டார் அவர். இன்னொன்றும் உண்டு. பாரதி ஜாரை ‘இரணியன்போ லரசாண்டான்’ என்று திட்டுகிறார். பாரதிக்கே தாசன் என்று பேர் வைத்துக்கொண்டவர் 1930களில் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ என்று நாடகம் எழுதி, அதே இரணியனை வஞ்சிக்கப்பட்ட வீரனாக நிறுத்தினார். குருவின் உவமையையே மறுத்துப் பேசிய சீடர். யார் கொடுங்கோலன் என்பது கதை சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று ஒரே ஊரின் இரண்டு கவிஞர்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஊழ். இங்கேதான் நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சிலப்பதிகாரத்தின் பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்கிறது என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அரைசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும். மூன்றையும் பரீட்சைக்காகத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறோம். முதலாவதும் மூன்றாவதும் காவியத்துக்குள் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப்பரல் தெறிக்கிறது, பாண்டியன் உண்மை அறிகிறான். அந்த நிமிஷத்தில் ‘விதி’ என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. பொற்கொல்லன் பொய் சொன்னான், காவலர் அவசரப்பட்டார்கள் என்று கைகாட்ட ஆளும் இருந்தது. அவன் சொன்னதோ ‘யானோ அரசன் யானே கள்வன்’. அடுத்து, ‘மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதற் பிழைத்தது, கெடுகவென் ஆயுள்’. என்முதல் பிழைத்தது, அதாவது என்னிடத்தில்தான் தவறியது. சொல்லிவிட்டு விழுந்து சாகிறான்.

ஊழ்க்கதை, அதாவது கோவலனின் முற்பிறப்புக் கதை, அதற்கு அப்புறம்தான் வருகிறது. மதுரை எரிந்தபிறகு மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் சொல்கிறது. அரசன் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டு உயிரை விட்ட பிறகு, பாதிக்கப்பட்டவளுக்குச் சொல்லப்படும் விளக்கம் அது. வரிசையை இளங்கோ மாற்றியிருந்தால், ஊழ் அரசனுக்குக் கிடைத்த சாக்காகியிருக்கும். அவர் மாற்றவில்லை. இதை ஒரு பெரிய அரசியல் முடிவாகவே நான் மதிக்கிறேன்.

கம்பனிடமும் இதே சண்டை நடக்கிறது. காடு போகச் சொன்னதைக் கேட்டு இலக்குவன் கொதிக்கும்போது இராமன் ‘நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை’ என்று ஆறுதல் சொல்லி, இது ‘விதியின் பிழை’ என்கிறான். தம்பி விட்டானா? ‘விதிக்கும் விதி ஆகும் என் வில்தொழில் காண்டி’ என்கிறான். கம்பன் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறான். வள்ளுவரும் ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்டவர்தான், ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்று சொன்னவரும்தான். கொடுங்கோன்மை அதிகாரத்தில் அவர் பேசும்போது ஊழ் என்ற பேச்சே வரவில்லை. அல்லற்பட்டு ஆற்றாது அழுத கண்ணீரைச் ‘செல்வத்தைத் தேய்க்கும் படை’ என்கிறார். உடைக்கும் என்று சொல்லவில்லை, தேய்க்கும் என்கிறார். ஒருநாளில் நடக்கிற காரியம் இல்லை அது. நாள்பட நாள்பட நடந்து, ஒருநாள் கைக்கு எதுவும் மிஞ்சாத காரியம்.

கணியன் பூங்குன்றனை நாம் ‘யாதும் ஊரே’ என்ற முதல் வரியோடு விட்டுவிடுகிறோம். அந்தப் பாட்டின் பெரும்பகுதி ஊழைப் பற்றியதுதான். ஆற்று வெள்ளத்தில் போகிற தெப்பம் போல உயிர் முறைவழிப்படும் என்கிறார். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு என்ன? ‘மாட்சியிற் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.’ எல்லாம் வெள்ளத்தில் போகிற கட்டை என்றால், அரசனைப் பார்த்து வாய் பிளக்க என்ன இருக்கிறது? ஊழை நம்பியவர் அரசனை வியக்க மறுக்கிறார். இதில் அடிமைப்புத்தி எங்கே இருக்கிறது?

ஆனாலும் ஊழ் ஜனங்களைக் கட்டிப்போட்ட இடமும் தமிழில் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’, முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. சபையில் வீமன் ‘எரிதழல் கொண்டுவா’ என்று அண்ணனின் கையை எரிக்க எழுகிறான். அருச்சுனன் தடுத்து, தர்மத்தின் வாழ்வைச் சூது கவ்வும், தர்மம் மறுபடி வெல்லும், விதி இந்தச் செய்கை செய்தான், ‘இன்று கட்டுண்டோம், பொறுத்திருப்போம், காலம் மாறும்’ என்கிறான். பாதிப் பேருக்கு இந்த வரி ஆறுதல், எனக்கு இது வலிக்கிற வரி. அந்த நேரம் ஒரு பெண் தலைமயிரைப் பிடித்து இழுத்து வரப்பட்டு நடுச்சபையில் நின்றுகொண்டிருக்கிறாள். அதற்குச் சற்று முன்னால், அவளைத் தெருவில் இழுத்து வரும்போது பார்த்துக்கொண்டிருந்த ஊராரைப் பாரதி ‘நெட்டை மரங்களென நின்று புலம்பினார்’ என்று சொல்லிவிட்டார். அங்கேயும் மரம்தான். நின்று புலம்பிய மரங்கள் அஸ்தினாபுரத்தில், விழுந்து விறகான மரங்கள் ருஷியாவில். பாரதி அருச்சுனனோடு இல்லை என்பதற்கு எனக்கு இந்த ஒரு வரி போதும்.

ஷெல்லியின் பாட்டில் பேசுகிறவர் தொலைதேசம் போய்வந்த பிரயாணி. சிலையைப் பார்த்தார், வந்து சொன்னார், அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. பழந்தமிழில் பேசுகிறவர் அநேகமாக இடிபாட்டுக்குள்ளேயே நிற்கிறார், இல்லாவிட்டால் வாள் ஓங்கியவன் எதிரிலேயே நிற்கிறார். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ என்று பாரியின் பெண்கள் பாடியது உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அதைவிட நான் முன்னே வைப்பது புறநானூற்றின் 46ஆம் பாட்டு. அது ஒருவகையில் நம் ஆற்றுப் பாட்டு. மலையமான் என்ற சிற்றரசனின் ஊர் கோவலூர், அதாவது திருக்கோவலூர், பெண்ணைக் கரை. அதே பெண்ணைதான் கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளைப் பிடித்துவந்து யானைக்காலில் இடப்போகிறான். புலவர் கோவூர்கிழார் நடுவே வந்து பேசுகிறார். நீ புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவன் வழியில் வந்தவன், இந்தப் பிள்ளைகள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம்மிடம் இருப்பதைப் பகுத்து உண்ணும் குலத்தில் வந்தவர்கள் என்கிறார். பிறகு அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார்:

களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர் மன்றுமருண்டு நோக்கி
விருந்திற் புன்கணோ வுடையர்

அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். தங்களைக் கொல்ல வந்த யானை என்று அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் மன்றத்தில் கூடியிருக்கும் புது முகங்களைப் பார்த்து மிரள்கிறார்கள், இதுவரை அறியாத ஒரு பயம். குழந்தை யானையைப் பார்த்துப் பயப்படவில்லை, மனிதர்களைப் பார்த்துப் பயப்படுகிறது. கொடுங்கோல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சின்ன, இதைவிடக் கொடுமையான படம் எனக்குத் தெரியாது. கடைசியில் கெஞ்சவும் இல்லை, சபிக்கவும் இல்லை: ‘கேட்டனை யாயின்நீ வேட்டது செய்ம்மே.’ நான் சொன்னதைக் கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பப்படி செய். பாட்டின் அடிக்குறிப்பு ‘உய்யக் கொண்டது’ என்கிறது, பிள்ளைகள் பிழைத்தார்கள்.

கடலூருக்குள்ளேயே ஒரு பாட்டு இருக்கிறது, பாடலீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில் இட்டான், விஷம் கொடுத்தான், யானையை ஏவினான், கடைசியில் கல்லில் கட்டிக் கடலில் போட்டான், அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. ‘கரையேறவிட்டகுப்பம்’ என்ற ஊர்ப்பெயர் இன்றும் அந்தக் கதையைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கொடுமைகளுக்கெல்லாம் முன்னால், அரசன் ஆளனுப்பி அழைத்தபோது அவர் சொன்ன பதில்தான் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’. நாங்கள் யாருக்கும் குடி அல்ல. ஏழாம் நூற்றாண்டில் அரச ஆணைக்கு வந்த பதில் இது. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதே புராணம், சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறிய அரசன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் கோயில் எடுத்தான் என்றும் சொல்கிறது. அந்தப் பாடலி, நம் திருப்பாதிரிப்புலியூர். ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல் 458இல் அங்கே எழுதி முடிக்கப்பட்டது. இடிபட்டவர்களின் பாட்டு எதுவும் நம் கைக்கு வரவில்லை. வென்றவர் பக்கத்துப் பாட்டை எவ்வளவு உருகிப் படித்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

பேரரசுகளின் வீழ்ச்சிக்கு வருகிறேன். கெடிலக் கரைத் திருவந்திபுரம் கோயிலுக்குக் கல்யாணம், மொட்டை என்று அடிக்கடி போயிருப்பீர்கள். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது, அது சொல்லும் கதை இது. சேந்தமங்கலத்தில் இருந்த காடவர் குலச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன், சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் இராசராசனையே பிடித்து அடைத்து வைத்தான். 1231இல் போசள மன்னன் நரசிம்மனின் படைத்தலைவர்கள் வந்து, வழியில் ஊர் ஊராக அழித்து, சோழனை மீட்டார்கள். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி 220 வருஷம் ஆகியிருந்தது. அதே பேர் கொண்டவனை வெளியூர்க்காரன் வந்து மீட்டுக் கொடுத்தான். நரசிம்மன் தன்னைச் ‘சோழ மண்டலப் பிரதிஷ்டாசாரியன்’ என்று அழைத்துக்கொண்டான். சிலையை நிறுத்துகிற ஆசாரியன் மாதிரி, சோழ நாட்டை நிறுத்தி வைத்தவனாம்! அந்த ஒரு பட்டத்திலேயே ஒரு பேரரசின் முடிவு எழுதியிருக்கிறது.

அதற்குச் சில வருஷம் முன்புதான் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும், அதாவது உறையூரையும், கொளுத்தினான். இடித்த மண்ணைக் கழுதை பூட்டி உழுததாக அவன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசனைப் புகழும் பகுதி, பெருமையடிக்கிறது. ஆனால் திருவெள்ளறைக் கல்வெட்டுச் செய்யுள் ஒன்று, அவன் எல்லாத் தூணையும் பறித்தபோதும் ஒரு மண்டபத்தை மட்டும் விட்டான் என்கிறது. கரிகாலன் காலத்தில் ‘பட்டினப்பாலை’ பாடிய உருத்திரங்கண்ணனாருக்கு உரிய மண்டபம் அது:

பறியாத தூணில்லை கண்ணன்செய் பட்டினப் பாலைக்கன்று
நெறியால் விடுந்தூண் பதினாறு மேயங்கு நின்றனவே

ஓசிமாண்டியாசின் பாலைவனத்தில் மிஞ்சியது அரசனின் பேச்சு. காவிரிக்கரையில் மிஞ்சியது புலவனுக்குக் கொடுத்த பதினாறு தூண். பாடியவர் வென்றவனைப் புகழத்தான் பாடினார். ஆனால் எனக்கு அதில் கேட்பது வேறு, ‘பறியாத தூணில்லை’ என்பதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது.

ஐரோப்பியர் கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தான். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்தார்கள். லாலியைப் பாரிசில் அவன் அரசாங்கமே 1766இல் தலையை வெட்டிக் கொன்றது. ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இரண்டு பேரரசுகள் மாறி மாறி இடித்துக்கொண்டன.

கடைசியாக மறுபடி பாரதி. 1914இல் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது அவர் பெல்ஜியத்தை வாழ்த்தி எழுதிய பாட்டின் முதல் வரி ‘அறத்தினால் வீழ்ந்து விட்டாய்’. அறம் தவறிய அரசனுக்கு அறமே எமனாகும் என்று இளங்கோ சொன்னார். அறத்தில் நின்றதற்காகவே ஒரு நாடு விழுவதும் உண்டு என்று அதன் பக்கத்தில் பாரதி எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வகைக் கவிதை முழுமையாகும், இல்லாவிட்டால் விழுந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றாகிவிடும். 1918 நவம்பர் 9இல் ஜெர்மானியச் சக்கரவர்த்தி முடி துறந்தான், 11இல் யுத்தம் நின்றது. நவம்பர் 20இல் பாரதி புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்தார், கைதானார், கடலூரில் சிறை. டிசம்பர் 14இல்தான் வெளியே வந்தார். ஐரோப்பாவில் முடிகள் உருண்டுகொண்டிருந்த அதே வாரங்களில் ‘இம்மென்றால் சிறைவாசம்’ என்று எழுதியவர் நம் ஊர்ச் சிறையில் இருந்தார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். புறம் 46ஐ ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள், உரை பார்க்காமல் முதலில் நாலு தடவை சத்தமாகப் படியுங்கள். அப்புறம் சிலம்பில் வழக்குரை காதையிலிருந்து கட்டுரை காதை வரை ஒரே மூச்சில். அப்புறம் ‘புதிய ருஷியா’, அது முடிந்த கையோடு ‘புரட்சிக்கவி’. நடுவில் ஒரு சாயங்காலம், 1916 புயலுக்கு மறுநாள்களைப் பற்றிப் பாரதி எழுதிய ‘பிழைத்த தென்னந் தோப்பு’ என்ற சின்னப் பாட்டையும் படித்துவிடுங்கள். நாடெங்கும் மரங்கள் நாற்றைப் போலச் சிதறிக் கிடக்கின்றன. அவர் ஆறுதல் தேடித் தனியாக நடந்து போகிறார். ஒரு சிறிய திட்டையில் சின்னத் தென்னந்தோப்பு ஒன்று பெரும்பாலும் விழாமல் நிற்கிறது. அது யாருடைய தோப்பு என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்:

வறியவ னுடைமை - அதனை
வாயு பொடிக்கவில்லை.